சில போட்டோக்களைப் பார்த்தால் ஏன் வயிற்றைப் பிசைகிறது?

பேயும் இல்லை, ரத்தமும் இல்லை, ஆனாலும் சில போட்டோக்களைப் பார்த்ததும் உள்ளுக்குள் என்னவோ செய்கிறதே, அதைத்தான் 'அமானுஷ்யமா இருக்கு' என்கிறோம். பயம் வேறு. அதில் ஆபத்து எது என்று தெரியும்; இதில் ஆபத்து இருக்கிறதா என்பதே மூளைக்குப் பிடிபடுவதில்லை.

புதுச்சேரி கடற்கரைச் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் காந்தி சிலைப் பக்கம் அவ்வளவு கூட்டம் இருக்கும். 2020 ஊரடங்கில் விளக்கு மட்டும் எரிய, அதே இடம் வெறிச்சோடிக் கிடந்த படத்தைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இருட்டில் மாடிப்படி இறங்கும்போது இன்னொரு படி இருக்கும் என்று காலை வைத்தால் தரை வந்துவிடுமே, அந்தத் திடுக்கிடல்தான் இது.

முகம் என்றால் இன்னும் மோசம். கிட்டத்தட்ட மனிதன், ஆனால் முழுக்க மனிதன் இல்லை என்ற உருவம்தான் நம்மை அதிகம் தொந்தரவு செய்யும் என்று ஜப்பானிய ரோபோ பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதினார். கூடத்தில் மாட்டிய தாத்தா படத்தில் ஸ்டூடியோக்காரர் கண்ணை மட்டும் தூரிகையால் தீட்டியிருப்பாரே, அதே கதைதான்.

அப்புறம், 19-ஆம் நூற்றாண்டுப் படங்களில் நிற்பவருக்குப் பின்னால் இரும்புத் தாங்கி தெரிந்தால் பிணத்தை நிறுத்தி எடுத்தது என்று பலர் பகிர்கிறார்கள். உண்மையில் அது உயிரோடு இருப்பவர் அசையாமல் நிற்க வைத்தது, பிணத்தின் எடையை அது தாங்காது.