எலியைக் காப்பாற்றிய வைட்டமின் ஈ, கீமோ எடுக்கும் அம்மாவையும் காப்பாற்றுமா?

அடையாறில் அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது, மஞ்சள் சத்து கேப்சூலும் வைட்டமின் ஈயும் எலிகளில் பக்கவிளைவைக் குறைத்ததாகப் படித்தேன், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டரைக் கேட்காமல் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. டாக்ஸோரூபிசின், அதாவது பாட்டிலிலேயே சிவப்பாகத் தெரியும் அந்தக் கீமோ மருந்து, உடலுக்குள் இரும்போடு சேர்ந்து ஃப்ரீ ராடிக்கல்களை, அதாவது செல்களைச் சிதைக்கும் மூலக்கூறுகளை உண்டாக்கும், அவற்றைச் சமாளிக்கும் நொதிகள் இதயத்தசையில் குறைவு என்பதால் அடி அங்கே பலமாக விழும். 1977-இல், ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கும் வைட்டமின் ஈ கொடுத்த எலிகளில் இந்தப் பாதிப்பு குறைந்தது, புற்றுக்கட்டி மேல் மருந்தின் வேலையும் கெடவில்லை. ஆனால் அப்புறம் மனிதர்களிடம் பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

பெரும்பாலான எலி ஆய்வுகளில் எலிக்குப் புற்றுநோயே இருக்காது. நல்ல எலிக்கு மருந்தைக் கொடுத்து இதயமோ சிறுநீரகமோ தப்பிக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள், கட்டியும் சேர்ந்து தப்பித்துவிடுமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமினைத் தீவனத்தில் கலந்து கொடுத்த ஓர் ஆய்வில், மார்பகக் கட்டி இருந்த எலிகளில் சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தின் வேலையே குறைந்துபோனது, இது 2002-இல் வெளிவந்தது. எனக்கு இதுதான் பயம்.

சாம்பாரில் போடும் மஞ்சள்தூள், ஒரு நெல்லிக்காய், இதெல்லாம் வழக்கமான சாப்பாடுதான், அதற்குப் பயப்பட வேண்டாம். கேப்சூலில் இருப்பது பல மடங்கு செறிவு. தி.நகரில் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால், அந்த டப்பாவை அப்படியே எடுத்துப்போய் அடுத்த சுற்று கீமோவுக்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள், இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எப்போது எடுக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.