பிப்ரவரியில் வரையாடு காட்டுகிறாராம்!

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டை. மாமனார், மாமியார், பிள்ளைகள் என்று ஆறு பேர் பிப்ரவரி கடைசியில் மூணாறு போகலாம் என்றிருக்கிறோம். டூர் ஏஜென்ட் ஒருவர் ஆளுக்கு 7,500 ரூபாய் கேட்கிறார். இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு, ஜீப் சஃபாரி, ஆனைமுடி ட்ரெக்கிங், நீலக்குறிஞ்சி எல்லாம் உண்டு என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார். பாதிப் பணம் அட்வான்ஸ், எந்தக் காரணத்துக்கும் திருப்பித் தரமாட்டாராம். கட்டலாமா? பையனுக்காக பர்மா பஜாரில் ஒரு பைனாகுலரும் பார்த்து வைத்திருக்கிறோம். "ஐம்பது மடங்கு பெரிசா தெரியும்" என்கிறார் கடைக்காரர்.

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். வரையாடு குட்டி போடும் காலம் என்று அந்தப் பூங்காவைப் பெரும்பாலும் பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் முடியும் வரை மூடிவிடுவார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான், மூணாறுக்கு ஆள் கூட்டிப்போகிறவருக்கு இது தெரியாமல் இருக்காது.

மற்ற வாக்குறுதிகளும் அப்படித்தான். குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை பூப்பது. 2018இல் அந்த மலைகளில் பூத்தது, அடுத்தது 2030. நோட்டீஸில் இருப்பது பழைய போட்டோ. ஆனைமுடி 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம். அதில் சுற்றுலா வருகிறவர்களை ஏறவிடுவதில்லை, கீழிருந்து அண்ணாந்து பார்க்கலாம். பூங்காவுக்குள் ஜீப்பும் கிடையாது. நுழைவாயிலிலிருந்து ராஜமலைக்கு வனத்துறை பஸ், அப்புறம் ஏற்றமான பாதையில் நடை. மாமனாருக்கு மூட்டுவலி இருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வரையாட்டைப் பற்றிச் சொன்னதில் பொய்யில்லை. பாதையோரப் பாறையில் நின்று, ஆள் நடமாட்டத்தைக் கண்டுகொள்ளாமல் மேய்ந்துகொண்டிருக்கும். வயசான கிடாவை முதுகில் வெளுத்த திட்டை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். நம் மாநில விலங்கைப் பார்க்க கேரளாவுக்குப் போகிறோம், என்ன செய்வது! ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் போங்கள். பூங்காவும் திறந்திருக்கும், குட்டிகளும் தாயோடு சுற்றிக்கொண்டிருக்கும். லீவு நாள் கூட்டத்துக்கு ஆன்லைனில் முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

அதே ஏஜென்டிடம்தான் போவீர்கள் என்றால், நுழைவுக் கட்டணம், வனத்துறை பஸ், சாப்பாடு இதெல்லாம் 7,500க்குள் அடக்கமா, பூங்கா மூடியிருந்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். பணத்தை அவருடைய சொந்த நம்பருக்கு ஜிபே செய்யாமல் நிறுவனக் கணக்கில் போட்டு ரசீது கேளுங்கள். அந்த நோட்டீஸையும் பத்திரமாக வையுங்கள். ஏமாற்றினால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்யலாம். அதிலும் சரிவரவில்லை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், மூணாறுக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. வழக்குப் போட கெடு இரண்டு வருடம்.

ஏஜென்டே வேண்டாம் என்றால், சென்ட்ரலிலிருந்து போடிநாயக்கனூருக்கு வாரத்தில் மூன்று நாள் ரயில் இருக்கிறது. அங்கே ஒரு வண்டி பிடித்தால் போடிமெட்டு வழியாக மூணாறு.

பைனாகுலர் விஷயம். அதன் மேல் 8×42 என்பது போல் எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு என்பது, இரண்டாவது முன்பக்க லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். ஐம்பது மடங்கு உண்மையாகவே இருந்தாலும் கையில் பிடித்துப் பார்க்க முடியாது, கை நடுக்கமும் ஐம்பது மடங்காகிவிடும். பையனுக்கு எட்டு மடங்கு தாராளம். கடையிலேயே வெளியே எடுத்துவந்து, எதிர்ச்சாரியில் தூரத்தில் இருக்கும் போர்டைப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வரையாட்டுக்கு எப்படியும் அது தேவைப்படாது, பறவை பார்க்க உதவும்.