கிருமிக்கு மருந்து பிடிக்காமப் போறதை ஒரு நாடா நிண்டு தடுக்க ஏலுமா?

கேள்வி கேட்டவர், "அன்டிபயோட்டிக் குளிசைக்கு கிருமி அடங்காமப் போகுதாமே, இலங்கை மாதிரி காசில்லாத நாடு இதுக்கு என்னதான் செய்ய ஏலும்?" எண்டு கேட்டிருக்கார். ஏலும். ஆனா முதல்ல எங்கட வீட்டுக் கதையைச் சொல்லிட்டு வாறன்.

நாங்க மட்டக்களப்பில களுவாஞ்சிக்குடிப் பக்கம். அம்மாக்கு சீனி வருத்தம், அடிக்கடி சலக்கடுப்பு வரும். வந்தா பாமசிக்குப் போய் "தம்பி, போன முறை தந்த குளிசையில நாலு தாங்க" எண்டு வாங்குவா, ரெண்டு நாளில எரிவு குறைஞ்சா மிச்சத்தை பிஸ்கட் டின்னுக்குள்ள போட்டு வச்சிருவா. நாங்களும் ஒண்டும் சொல்லல்ல, ஆசுபத்திரி ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) வரிசையில காலமை முழுக்க நிக்கிறதை விட இது லேசு எண்டு விட்டுட்டம். போன மாரிக்குள்ள நடுக்கத்தோட காய்ச்சல் வந்து வாட்டில போட்டாங்க. மூணாம் நாள் யூரின் கல்ச்சர் ரிப்போட் வந்திச்சி, சலத்தில இருக்கிற கிருமியை வளத்து எந்த மருந்துக்கு அடங்குது எண்டு பாக்கிற சோதனை அது. ஒரு பக்கம் மருந்துப் பேர், பக்கத்தில ஒரு எழுத்து. எஸ் எண்டா கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், ஆர் எண்டா அடங்காது. சிப்ரோ ஆர். கோ-அமொக்சிகிளேவ் ஆர். செஃபுரொக்சைம் ஆர். விரலை வச்சி ஒவ்வொண்டா கீழ இறங்கி வந்தன், எல்லாம் ஆர், கடைசியில ரெண்டே ரெண்டு எஸ், ரெண்டும் ஊசி. எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மெரோபெனெம், ஏழு நாள், மருந்து ஏத்துற கனுலாக் குழாய் போட நரம்பு கிடைக்காம அம்மாட ரெண்டு கையும் நீலம் பாரிச்சிட்டு.

அம்மா டொக்டர்ட்ட, "என்ட உடம்பு குளிசைக்குப் பழகிட்டா மகன்?" எண்டு கேட்டா. அவர் "உடம்பு இல்ல அம்மா, கிருமிதான் பழகிட்டு" எண்டார். ஊரில கனபேர் விளங்காம இருக்கிறது இந்த ஒரு விசயம்தான். உங்கட உடம்புதான் பழகிச்சி எண்டா அது உங்களோட முடிஞ்சிரும், கிருமி எண்டா அப்பிடி இல்ல, மருந்துக்குத் தப்பின கிருமி பெருகும், தப்புற வித்தையை பக்கத்துக் கிருமிக்கும் குடுக்கும், பிறகு கையால தண்ணியால வாட்டுக் கட்டிலால ஒரு நாளும் அன்டிபயோட்டிக் போடாத பிள்ளைக்கும் போய்ச் சேரும். 2019இல மட்டும் உலகத்தில 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியா இதால செத்திருக்காங்க எண்டு கணக்குப் பாத்திருக்காங்க.

ஆடு மாட்டிலயும் இதே கதைதான். படுவான்கரையில எங்கட மாமா தயிர் போடுறவர். ஒருக்கா மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட மாட்டுப் பாலையும் சேத்துக் காய்ச்சி உறை குத்திட்டார், விடிய சட்டியைத் திறந்தா பால் பாலாவே கிடக்கு. உறைமோரில இருக்கிற நல்ல கிருமியை பாலோட வந்த மருந்து சாகடிச்சிட்டு. ஊசி போட்டா இத்தனை நாளைக்கு அந்தப் பாலை எடுக்கப்படாது எண்டு மிருக வைத்தியர் சொல்லுறது இதுக்குத்தான். தயிர் உறையாட்டி உங்களுக்கு உடனே தெரியும், கறிக்கோழியிலயும் மீன் பண்ணையிலயும் போடுற மருந்து அப்பிடிக் கண்ணுக்குத் தெரியாது.

இனி அரசாங்கம். திட்டம் இல்லாம இல்ல. 2017–2022க்கு ஒண்டு போட்டாங்க, பிறகு 2023–2028க்கு அடுத்தது, மனிசன் மிருகம் மீன் எல்லாத்தையும் சேத்துத்தான். டொக்டர் எழுதின துண்டு இல்லாம பாமசியில அன்டிபயோட்டிக் குடுக்கக் கூடாது எண்டு சட்டமும் இருக்கி. உலக சுகாதார நிறுவனம் மருந்துகளை மூணாப் பிரிச்சி வச்சிருக்கு, முதல்ல பாவிக்கிறது, கவனமாப் பாவிக்கிறது, கடைசிக்கு ஒதுக்கி வைக்கிறது எண்டு. எங்கட ஊரில மிட்டாய் மாதிரி வாங்குற சிப்ரோவும் அசித்ரோமைசினும் அதில ரெண்டாவது கூட்டம், எனக்கே அது வாட்டில வச்சித்தான் தெரியும்.

பாமசியை மட்டும் இறுக்கினாக் காணாது. கூலிக்குப் போறவன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு ஓபிடியில நிக்க மாட்டான், பின்னேரத்திலயும் டொக்டர் இருக்கோணும். சின்ன ஆசுபத்திரியிலயும் கல்ச்சர் செய்ய ஏலுமா இருக்கோணும், இல்லாட்டி டொக்டரும் குத்துமதிப்பாத்தான் எழுதுவார். மாரி வெள்ளத்துக்குப் பிறகு பிஎச்ஐமார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) வந்து கிணத்துக்கு குளோரின் போடுறதும், கிளினிக்கில பிள்ளைக்கு தடுப்பூசி போடுறதும் கூட இந்த வேலைதான், வருத்தம் வராட்டி மருந்து எதுக்கு.

நான் நம்பிச் சொல்லுறதுக்குக் காரணம் மலேரியா. சின்னனில காய்ச்சல் எண்டா விரல் நுனியில குத்தி கண்ணாடியில ரத்தம் எடுப்பாங்க, எந்தக் கிராமம் எண்டும் பாக்காம வருவாங்க, சண்டை நடந்த காலத்திலயும் அந்த வேலை நிக்கல்ல. 2016 செப்டம்பரில இலங்கை மலேரியா இல்லாத நாடு எண்டு அறிவிச்சாங்க. அண்டைக்கு ரத்தத்தைப் பாத்துத்தான் மருந்து குடுத்தாங்க. இண்டைக்கு மாரியில டெங்குக் காய்ச்சலுக்கு, அது வைரஸ், அமொக்சிசிலின் மாதிரி அன்டிபயோட்டிக் அதுக்குத் துளியும் கேக்காது, அதை ரெண்டு நாள் போட்டுட்டுத்தான் ஆசுபத்திரிக்கே வாறாங்க.

தனி ஆளா என்ன செய்யலாம் எண்டா, டொக்டர் சொன்ன நாள் வரைக்கும் போடுங்க, மிச்சம் வைக்காதீங்க, ஒருத்தற்ற குளிசையை மற்றவருக்குக் குடுக்காதீங்க. கல்ச்சர் ரிப்போட் இருந்தா எறியாதீங்க. அம்மாட ரிப்போட்டை லமினேட் பண்ணி கிளினிக் கொப்பிக்குள்ள வச்சிருக்கன், எந்த டொக்டர்ட்ட போனாலும் முதல்ல அதைத்தான் எடுத்து நீட்டுறது.