கண்ணைப் பார்த்துப் பேசாத மகன்

கேள்வி: என் மகனுக்கு வயது 14. ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். ஐந்து வயதில் ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். நன்றாகவே பேசுவான். ஆனால் ரயில்களைப் பற்றித் தொடங்கினால் நிறுத்த மாட்டான். வகுப்பில் நண்பர்கள் யாரும் இல்லை. பள்ளியில் அமைதியாக இருப்பவன் வீட்டுக்கு வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான். கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்கும் வகுப்பு ஒன்றில் சேர்க்கும்படி ஆசிரியை சொல்கிறார். சேர்க்கலாமா டாக்டர்?
— ஒரு தாய், திருச்சி

பதில்: அம்மா, கண்ணைப் பார்க்க வைப்பதுதான் அந்த வகுப்பின் முதல் நோக்கம் என்றால் சேர்க்க வேண்டாம். எதிரே இருப்பவரின் கண்களைப் பார்த்தபடியே அவர் சொல்வதையும் கேட்டு, பதிலையும் யோசிப்பது ஆட்டிசம் உள்ள பலருக்குப் பெரும் சுமை. பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டால்தான் காதில் விழுவது மனதில் ஏறுகிறது என்று வளர்ந்தவர்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மாலையில் அவன் கத்துவதை அடம் என்று எண்ணிவிடாதீர்கள். வகுப்பறை இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு, கைகளை அசைக்கத் தோன்றும்போதெல்லாம் அடக்கிக்கொண்டு, மற்றவர்கள் சிரிக்கும்போது காரணம் புரியாமலே தானும் சிரித்து, நாள் முழுவதும் தன்னை மறைத்துக்கொண்ட களைப்பு பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் வெளிப்படுகிறது என்றே நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. இப்படி மறைத்தே வாழும் பெரியவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் அதிகம் காணப்படுகின்றன. ஆகவே பள்ளி விட்டு வந்ததும் ஒரு மணி நேரமாவது கேள்வியோ டியூஷனோ இல்லாமல் அவனைத் தனியே விடுங்கள்.

நண்பர்கள் இல்லாததற்கு அவனிடம் மட்டும் குறை தேடுவதும் சரியல்ல. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களைச் சில நொடிகள் பார்த்த, கேட்ட மாத்திரத்திலேயே மற்றவர்கள் அவர்களுடன் பழகத் தயங்கினார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் படித்தபோது அந்தத் தயக்கம் காணப்படவில்லை. தடுத்தது சொன்ன விஷயமல்ல, குரலும் தோற்றமும்தான். தானும் ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற பிரிட்டன் ஆய்வாளர், இந்தப் புரியாமை இருபக்கமும் உள்ளது என்று 2012லேயே எழுதினார். "காதில் பூ சுற்றாதே" என்று ஒருவர் சொல்லும்போது உங்கள் மகன் பூவைத் தேடக்கூடும். ஆனால் அவனிடம் நேரடியாகப் பேச வேண்டும், பதிலுக்குச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும் என்று வகுப்புத் தோழர்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? ஆசிரியையிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான். இரண்டு மூன்று மாணவர்களைப் பழக்கி உடன் சேர்ப்பது, அவனைத் தனியாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுப்பதைவிடப் பள்ளியில் நல்ல பலன் தருவதைக் கண்டிருக்கிறேன்.

திறன்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்", "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லத் தெரிவது அவசியம். ரயிலைப் பற்றிப் பேசும்போது இடையில் நிறுத்தி, "இன்னும் சொல்லவா?" என்று கேட்கப் பழக்கலாம். ஆனால் அந்த ஆர்வத்தை மட்டும் ஒடுக்கிவிடாதீர்கள். பொன்மலை ரயில் பணிமனை இருக்கும் ஊரில் ரயில் பிடித்த பிள்ளைகள் வேறு யாரும் இல்லாமலா போவார்கள்? பொதுவான விருப்பத்தின் மேல்தான் இவர்களுடைய நட்பு நிலைக்கிறது. பத்துப் பேர் வேண்டாம், ஒருவன் போதும்.

இன்னொன்று, கேலி செய்பவனையும் நண்பன் என்று இவர்கள் நம்பிவிடுவது உண்டு. "ஸ்கூல் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்ற பதில்தான் வரும். "சாப்பிடும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், உன் பையை யாராவது எடுத்தார்களா?" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

தூக்கமோ சாப்பாடோ குறைந்தால், பள்ளிக்கே போக மறுத்தால், மனநல மருத்துவரிடம் விரைவில் அழைத்துச் செல்லுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ சாவைப் பற்றிப் பேசினாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம். எந்த வகுப்பில் சேர்ப்பதானாலும், அங்கே என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே எழுதிக் காட்டி, போக விருப்பமா என்று முதலில் அவனிடம் கேளுங்கள்.