நல்ல சம்பளம், பிடித்த வேலை, ஆனால் பிள்ளையோடு இருக்க நேரமில்லை. சிங்கப்பூரில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஆறு மணிக்கு முடிய வேண்டிய வேலை, லண்டன்காரர்களோடு பேசி முடிக்க ஒன்பது ஆகிறது, வீட்டுக்குப் போனால் பிள்ளை தூங்கிவிடுகிறது, வேலையை விட்டுவிடலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். ஐடி வேலையாகத்தான் இருக்க வேண்டும். ஆபிஸ் மரினா பே பக்கம், வீடு பொங்கோலில், உங்களுக்கு எம்ப்ளாய்மெண்ட் பாஸ் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி), மனைவிக்கு அதைச் சார்ந்து கிடைக்கும் டிபென்டன்ட் பாஸ் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். உங்களுக்கு வந்த பதில்களில் ஒருவர், "எந்த வேலைக்கு வேண்டுமானாலும் மாறுங்கள், ஷிப்ட் வேலைக்கு மட்டும் போய்விடாதீர்கள், குடும்பம் நாசமாகிவிடும்" என்று சொல்லியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஜூரோங் தீவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் ஷிப்ட் டெக்னீஷியன். இங்கேயே பிறந்தவன். பாலிடெக்னிக், தேசிய சேவை, அப்புறம் நேராக ஆலை. இரண்டு பகல், இரண்டு இரவு, நான்கு நாள் ஓய்வு, ஒவ்வொரு ஷிப்டும் 12 மணி நேரம். கேட்கப் பயங்கரமாக இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள்: எட்டு நாளுக்கு 48 மணி நேரம், வாரத்துக்குச் சராசரி 42. ஷிப்ட் ஊழியர் சம்மதித்தால் ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம், ஆனால் தொடர்ந்து மூன்று வாரச் சராசரி வாரத்துக்கு 44ஐத் தாண்டக் கூடாது என்பது இங்கே வேலை நியமனச் சட்டம். இரவு ஒன்பது வரை உட்காருகிற உங்களுக்கு வாரம் எவ்வளவு வருகிறது? ஐம்பதைத் தாண்டும் என்று பந்தயம் கட்டுவேன்.

ஆலைப் பகுதிக்குள் சாதாரண கைப்பேசி எடுத்துப்போகக் கூடாது. எரிவாயு இருக்கிற இடம், தீப்பொறி பயம். அதனால் போன் லாக்கரில் கிடக்கும். 7 மணிக்கு அடுத்த குழு வரும், எந்த பம்ப் சத்தம் போடுகிறது, எந்த வால்வை மூடி வைத்திருக்கிறோம் என்று எழுதியும் சொல்லியும் ஒப்படைப்போம். அதோடு சரி. பஸ் ஏறிய பிறகு அந்த ஆலை என்னுடையது இல்லை, இன்னொருவருடையது. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான் என்றால் சோம்பேறி என்பீர்கள். அப்படியும் இல்லை. கம்ப்ரெசர் ஓடுகிற சத்தம் கொஞ்சம் மாறினாலே எனக்குத் தெரியும். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

பகல் வேலையும் பார்த்திருக்கிறேன். எங்கள் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் வேறு கம்பெனிக்குப் போனபோது அந்த நாற்காலியில் தற்காலிகமாக என்னை உட்கார வைத்தார்கள். காலை ஏழரை முதல் மாலை ஐந்து வரை, சனி ஞாயிறு லீவு. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் மாமியார் சாமிக்கு விளக்கே ஏற்றினார். காலையில் ஒப்பந்தக்காரர்களுக்கு பர்மிட் போடுவது, மதியம் மீட்டிங், மாலையில் நாளைய திட்டம். வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. ஆனால் ஐந்து மணிக்குப் பிறகுதான் அசல் வேலை ஆரம்பிக்கும். "அண்ணே, பம்ப் ட்ரிப் ஆகிவிட்டது, ஸ்பேர் எந்த ஸ்டோரில் இருக்கிறது?" "கான்ட்ராக்டர் நாளைக்கு ஆள் அனுப்ப மாட்டேன் என்கிறான், என்ன செய்ய?" வாட்ஸ்அப் குழு மட்டும் ஆறோ ஏழோ. அதுவரை ராத்திரி இரண்டு மணிக்குப் போன் போட்டுப் பழைய ஒருங்கிணைப்பாளரை எழுப்பியவர்களில் நானும் ஒருவன் என்பது வேறு விஷயம். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் வந்தால் ஞாயிற்றுக்கிழமையும் போச்சு.

நான் வீட்டில்தான் இருந்தேன். தினமும் இரவுச் சாப்பாடு மகளோடுதான். ஆனால் மேசையில் போன் அதிர்ந்ததும், யாரும் சொல்லாமலே எழுந்து போய் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து உட்காருவாள். அவளுக்கு அப்போது எட்டு வயதிருக்கும். தமிழ் வாய்மொழித் தேர்வுக்குப் படம் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு படத்தில் அப்பா, அம்மா, பிள்ளை கோப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். "அப்பா ஏன் பேசவில்லை?" என்று ஆசிரியர் கேட்பது போல நான் கேட்டேன். "அவருக்கு போன் வரும், அதனால் காத்திருக்கிறார்" என்றாள். நல்ல மதிப்பெண் கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன், வேறென்ன சொல்ல?

அந்த நாற்காலியை நிரந்தரமாகத் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், ஷிப்டுக்கே போகிறேன் என்றேன். "ஷிப்ட் ஆளாகவே ரிட்டயர் ஆகப் போகிறாயா?" என்று மேலதிகாரி கேட்டார். ஆமாம் என்றேன். மனைவி ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தாள்: சம்பளம் ஏறும், ஷிப்ட் அலவன்ஸ் போய்விடும், கழித்தால் மிஞ்சுவது கோப்பிக் காசு. அவளுக்குப் புரிந்துவிட்டது. என் தாய்மாமாவுக்குத்தான் இன்றுவரை புரியவில்லை. தீபாவளி விருந்தில் எல்லோர் முன்னாலும், "பதவியைக் கையில் கொடுத்தும் வாங்கத் தெரியாதவன்" என்றார். அவருடைய மகன் பெரிய வங்கியில் துணைத் தலைவர். அன்று விருந்துக்கு அவன் வரவில்லை, வேலை. சபையில் வைத்து நான் எதுவும் சொல்லவில்லை.

உடனே சிலர் கிளம்புவீர்கள் என்று தெரியும். "உன் மனைவி வீட்டில் இருக்கிறாள், அதனால் முடிகிறது." இல்லை, அவள் பாலர் பள்ளி ஆசிரியை, எனக்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பும் நாள்களும் உண்டு. "இரவு வேலை உடம்புக்குக் கெடுதல்." உண்மைதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் 2007லேயே சேர்த்தது, 2019லும் அதையே சொன்னது. அதை நான் மறுக்கவில்லை. வருடா வருடம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறேன். என்றாவது உடம்பு முடியாது என்றால் விட்டுவிடுவேன். எல்லோரும் ஷிப்டுக்கு வாருங்கள் என்று நான் கூப்பிடவும் இல்லை.

கிடைப்பது என்னவென்றால், அடுத்த வருடம் எந்தத் தேதியில் நான் வீட்டில் இருப்பேன் என்று இப்போதே சொல்ல முடியும். வார நாளில் பள்ளி விடும்போது ஒன்றரை மணிக்கு வாசலில் நிற்பேன். அங்கே நிற்பது பணிப்பெண்களும் பாட்டிகளும்தான். ஒரு பாட்டி ரொம்ப நாள் என்னைப் பார்த்துவிட்டு, "தம்பி, வேலை ஒன்றும் கிடைக்கவில்லையா? என் பேரனிடம் சொல்லட்டுமா?" என்று கேட்டார். விளக்கிச் சொன்ன பிறகும் நம்பினாரா என்று தெரியாது. பண்டிகைக்கு மாற்றிக்கொள்ளவும் ஆள் உண்டு. நோன்புப் பெருநாளன்று மலாய் நண்பருக்காக நான், தீபாவளிக்கு எனக்காக அவர். தைப்பூசம் 1968 முதல் பொது விடுமுறை இல்லை, ஆனாலும் யாராவது ஒருவர் மாற்றிக்கொள்வார்.

எனக்கு ஒரே எதிரி மேல்மாடி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் சுவர் உடைப்பது, ஓடு பெயர்ப்பது போன்ற சத்தமான வேலையெல்லாம் வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும்தான். சனி, ஞாயிறு கூடாது. நல்ல விதி, யாரும் தூங்காத நேரம். ராத்திரி வேலை முடித்து எட்டரைக்குத் தலையைச் சாய்க்கிறவன் தவிர! போன வருடம் மேல்வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் குளியலறை இரண்டையும் பெயர்த்தார்கள். முடிந்தது என்று மூச்சு விட்டேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்களுடையதையும் பெயர்க்க ஆரம்பித்தார்கள். நாலு வருடம்கூட ஆகாத ஓடுகளை எதற்கய்யா மாற்றுகிறீர்கள்? இந்த ஊரில் தாதிகள், பஸ் ஓட்டுநர்கள், பாதுகாவலர்கள், எங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர் பகலில் தூங்குகிறார்கள் என்று யாருக்காவது நினைப்பு இருக்கிறதா? சரி, இது உங்கள் கேள்வியில் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேலை பிடித்திருக்கிறது என்கிறீர்களே, அப்புறம் ஏன் வேலையை விடப் பார்க்கிறீர்கள்? மாலை ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருப்பதுதானே சிக்கல். அதை மட்டும் கேளுங்கள். 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கான (வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக் கேட்பதற்கான) வழிகாட்டி நெறிமுறைகள் நடப்பில் இருக்கின்றன. தகுதிகாண் காலம் முடிந்த எவரும் எழுத்தில் கேட்கலாம், இரண்டு மாதத்துக்குள் முதலாளி எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மறுக்கவே முடியாது என்று நினைத்துவிடாதீர்கள், தொழில் சார்ந்த நியாயமான காரணம் இருந்தால் மறுக்கலாம். லண்டன் மீட்டிங் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், அந்த நாள்களில் காலை பதினொன்றுக்கு வருகிறேன் என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாக "நேரம் வேண்டும்" என்று கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும்.

என் மகள் பிறந்தபோது தந்தையர் விடுப்பு ஒரு வாரம். 2025 ஏப்ரல் முதல் அது 4 வாரம், ஆனால் பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால்தான். உங்களுக்கு அது பொருந்தாது என்றே நினைக்கிறேன். குடிமக்கள் அல்லாத பிள்ளைகளின் பெற்றோருக்கு வருடத்துக்கு 2 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பாவது இருக்கிறது, அதையும் எடுக்காமல் விடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

கோபத்தில் ராஜினாமா மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பாஸ் ரத்தானால் மனைவி, பிள்ளை பாஸும் கூடவே போய்விடும். அடுத்த வேலை கையில் வந்த பிறகு பேசுங்கள். என் ஷிப்ட் அலவன்ஸ் எவ்வளவு என்று யாரும் கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன்.