தியானம் பாதியில் நின்றுபோகிறதா? புதியவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பல தடவை ஆரம்பித்துவிட்டேன். நாலைந்து நாள் ஒழுங்காகப் போகும், அப்புறம் விட்டுப்போகும். எனக்கு மன உறுதி போதவில்லையா?

பதில்: மன உறுதி இருக்கட்டும், முதல் நாள் எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள்? அரை மணி என்றால் சிக்கல் அங்கேதான். வேலை நெருக்கும் நாளில் அரை மணி நேரம் கிடைக்காது. 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவோம். ஐந்து நிமிடம் என்றால் அந்தச் சாக்கு எடுபடாது.

இன்னொன்று, 'காலை ஆறு மணிக்கு' என்று வைத்துக்கொள்ளாதீர்கள். 'பல் தேய்த்த கையோடு' என்று வைத்துக்கொள்ளுங்கள். எழ நேரமானாலும், வெளியூர் போனாலும் பல் தேய்ப்பது தவறாது. அதன் பின்னாலேயே இதுவும் வந்துவிடும்.

கேள்வி: 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடுமாமே?

பதில்: அதற்கு ஆதாரம் கிடையாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரின் அன்றாடப் பழக்கங்களை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர சுமார் 66 நாள் என்று கணக்கு வந்தது; ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை (12 வாரத்தைத் தாண்டியவை, கவனித்ததை வைத்துப் போட்ட கணிப்பு). அவற்றில் பெரும்பாலானவை சாப்பாடு, உடற்பயிற்சி போன்ற பழக்கங்கள், தியானம் அல்ல. ஆனாலும் அதில் எனக்குப் பிடித்த விஷயம், இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பில்லை என்பது. ஒரு நாள் விட்டதும் 'எல்லாம் போச்சு' என்று மொத்தத்தையும் கைவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: கண்ணை மூடினாலே ஏதேதோ ஓடுகிறது. ஒரு நிமிடம்கூட மனம் நிற்கவில்லை.

பதில்: நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? மூச்சை வெளியே விடும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று பத்து வரை எண்ணுங்கள். நாலு வரும்போதே, பதில் போடாத மெயில் நினைவுக்கு வரும். அதற்கு மனதுக்குள்ளேயே இரண்டு வரி எழுதிக்கூட முடித்திருப்பீர்கள். சட்டென்று 'அட, எண்ணிக்கை எங்கே?' என்று தோன்றும். அந்த நொடிதான் பயிற்சி. திட்டிக்கொள்ளாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். ஐந்து நிமிடத்தில் இருபது தடவை திரும்பி வந்தால், இருபது தடவை பயிற்சி செய்திருக்கிறீர்கள். சில நாள் எண்ணிக்கை பதினேழு, பதினெட்டு என்று பத்தைத் தாண்டி ஓடியிருக்கும். சிரித்துவிட்டுத் திரும்புங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: உட்கார்ந்ததும் தூக்கம் வருகிறது.

பதில்: முதலில் இரவுத் தூக்கம் போதுமா என்று பாருங்கள். போதும் என்றால், கண்ணைப் பாதி திறந்து தரையைப் பார்த்தபடி உட்காருங்கள். அப்படியும் சொக்கினால் எழுந்து மெதுவாக நடந்து, பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். அதுவும் தியானம்தான்.

கேள்வி: கால் மரத்துப்போகிறது. பத்மாசனம் கட்டாயமா?

பதில்: இல்லை. நாற்காலி போதும், பாதம் தரையில் படட்டும், முதுகு நிமிர்ந்திருக்கட்டும்.

கேள்வி: எந்த ஆப் நல்லது?

பதில்: போனில் இருக்கும் டைமரே போதும். ஆப் தேடுவதிலேயே ஒரு வாரம் ஓடிவிடும்.

கேள்வி: மூச்சைக் கவனித்தால் எனக்குப் படபடப்பு அதிகமாகிறது. தொடரலாமா?

பதில்: மூச்சை விட்டுவிடுங்கள். சிலருக்கு இப்படி ஆவது உண்டு. கண்ணைத் திறந்து, சுற்றிலும் கேட்கும் சத்தங்களையோ பாதத்தையோ கவனித்துப் பாருங்கள். அதிலும் பதற்றம் வந்தால், அல்லது பழைய கசப்பான நினைவுகள் கிளம்பினால், நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடம் பேசுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவதில் எந்தப் பெருமையும் இல்லை.

கேள்வி: நேரத்தை எப்போது கூட்டலாம்?

பதில்: மணி அடித்ததும் 'அதற்குள்ளா?' என்று தோன்றுவது அடிக்கடி நடந்தால் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். 1979-ல் ஜான் கபட்-ஜின் என்ற பேராசிரியர் அமெரிக்காவில் தொடங்கிய எட்டு வாரத் தியானப் பயிற்சியில், வீட்டில் தினமும் 45 நிமிடம் செய்யச் சொல்வார்கள். ஆனால் அங்கே வாராவாரம் வகுப்பும் ஆசிரியரும் உண்டு. தனியாகச் செய்பவர் அந்தக் கணக்கைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். கூட்டிய பிறகு நாட்கள் தவற ஆரம்பித்தால் பழைய ஐந்து நிமிடத்துக்கே வந்துவிடுங்கள்.