ரோபோ அறுவைக்குப் பின்னும் சிறுநீர் கசிகிறதே?

ரோபோ அறுவை செய்தும் அப்பாவுக்குச் சிறுநீர் கசிகிறதே, அறுவை தோற்றுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அப்படி அர்த்தமில்லை. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியை முழுவதும் அகற்றி, சிறுநீர் வடியப் போட்டிருந்த குழாயை எடுத்து மூன்று வாரமே ஆன நிலையில், இருமும்போதும் எழும்போதும் உங்கள் அப்பாவுக்குச் சிறுநீர் கசிவது எதிர்பார்க்கக்கூடியதுதான். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் வெகுவாகக் குறையும். சிலருக்கு ஒரு வருடம்வரை மெல்லத் தேறிக்கொண்டே போகும்.

"ரோபோ செய்தும் ஏன்?" என்கிறீர்கள். ரோபோ தானாக எதையும் செய்வதில்லை. அதன் கைகளை இயக்குவது மருத்துவர். தழும்பு சிறியது, இரத்த இழப்பு குறைவு, உண்மைதான். ஆனால் உள்ளே அகற்றப்படுவது அதே சுரப்பி. அதோடு சிறுநீர்ப்பைக் கழுத்தை மூடிவைக்கும் தசையின் துணையும் பெரிதும் போய்விடுகிறது. முழுச் சுமையும் அதற்குக் கீழே இருக்கும் வெளிச்சுருக்குத் தசையின் (சிறுநீர்ப் பாதையை இறுக்கி மூடும் தசை) மேல் விழுகிறது. படுத்திருக்கும்போது கசிவதில்லை என்றீர்களே, அது நல்ல அறிகுறி.

சிறுநீரை அடக்கும் தசைகளை வலுவாக்கும் இடுப்புத்தளப் பயிற்சியைச் சரியாகச் செய்கிறாரா என்று சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று, சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கச் சொல்லுங்கள். ஆணுறுப்பின் அடிப்பகுதி உள்ளிழுபட்டு, விதைப்பை சற்று உயர வேண்டும். வயிறோ பிட்டமோ இறுகினால் வேறு தசையைத்தான் வேலை வாங்குகிறார். பலர் கோட்டை விடுவது இங்கேதான். இருமுவதற்குச் சற்று முன்பே இறுக்கிக்கொள்ளப் பழகட்டும். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்க வேண்டாம், காபியைக் குறைக்கலாம்.

காய்ச்சல், சிறுநீரில் இரத்தக்கட்டி, சிறுநீர் அடைத்துக்கொள்வது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர் நாளுக்கு நாள் மெலிந்து, முக்கிக் கழிக்க வேண்டியிருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உள்ளே சிறுநீர்ப்பையையும் சிறுநீர்ப் பாதையையும் இணைத்துத் தையல் போட்ட இடம் சுருங்கியிருக்கலாம்; அதைப் பயிற்சி சரிசெய்யாது.